ஜிஃபோர்த்: மீன் ஏலக் கணக்குக்கு ஒரு பழைய மொழி

வாழைச்சேனையில் படகு முதலாளி ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏலம் முடிந்ததும் கரையிலிருந்து வருவது படகு, மீன், வாங்கியவர், கிலோ என்று காற்புள்ளி இட்ட வரிகள். அவற்றைப் பிரித்துக் கூட்டப் பழைய மடிக்கணினியில், ஃபோர்த் என்ற நிரல்மொழியை ஓட்டும் ஜிஃபோர்த்தைப் போட்டிருக்கிறேன். க்னூ திட்டத்தின் இலவச மென்பொருள். உபுண்டுவில் ஒரே கட்டளையில் வந்துவிடும். நிறுவியபின் இணையமும் வேண்டாம்.

சார்ல்ஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த்துக்கு இலக்கணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இதில் கட்டளைகளுக்குச் சொல் என்றுதான் பெயர். இடைவெளி வரை ஒரு சொல்லை எடுக்கும், தன் அகராதியில் தேடும். இருந்தால் இயக்கும், இல்லாவிட்டால் எண்ணா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் இரண்டே சொல்லில் முறையிட்டு நின்றுவிடும். அந்தக் கஞ்சத்தனமான பிழைச்செய்திதான் இதில் எனக்குப் பிடிக்காதது. ஆனால் தான் வாசிக்கப் பயன்படுத்தும் கருவிகளை அப்படியே நம் கையிலும் தந்துவிடுகிறது. வேறு மொழிகள் இதைப் பூட்டி வைத்திருக்கும்.

இந்த வரியைப் பாருங்கள்: படகு 3,அறக்குளா,,62. வாங்கியவர் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. பழைய வேர்ட் என்ற சொல்லால் காற்புள்ளி காற்புள்ளியாகப் பிரித்தால், அது முன்னால் நிற்கும் காற்புள்ளிகளையெல்லாம் தாண்டிவிடும். வெற்று இடம் காணாமல் போய், 62 என்ற ஒருவர் அறக்குளா வாங்கியதாகக் கணக்கு வரும். பார்ஸ் என்ற சொல் அப்படித் தாண்டாது. நீளம் பூச்சியம் என்று சொல்லும். காற்புள்ளிக் கணக்குக்குப் பார்ஸ்தான். இடைவெளியால் பிரிந்த பெயர்களுக்கு, ஃபோர்த்தின் 2012 தரநிலையில் இருக்கும் பார்ஸ்-நேம்.

பார்ஸ் எதையும் நகலெடுப்பதில்லை. வரி இருக்கும் இடத்தின் முகவரியையும் நீளத்தையும் மட்டும், சொற்கள் ஒன்றுக்கொன்று மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கில் வைக்கும். அடுத்த வரி வந்ததும் பழையது அழிந்துவிடும், ஆகவே பெயர் பின்னால் தேவைப்பட்டால் வேறிடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணாக மாற்றும் சொல்லும் நேர்மையானது: 62.5 என்று கொடுத்தால் புள்ளியில் நின்று, மிச்சத்தைத் திருப்பித் தரும். மிச்சம் இருந்தால் அந்த வரியை ஒதுக்கி வைக்கிறேன். அரைக் கிலோவுக்குச் சண்டை பிடிக்கும் ஆட்கள் எங்கள் கரையில் உண்டு.

விசைப்பலகையிலிருந்து வாங்கும் அக்செப்ட்டுக்கு எத்தனை இடம் என்று முன்பே சொல்ல வேண்டும். இங்கே தமிழர் கவனிக்க வேண்டியது: கணக்கு எழுத்தில் அல்ல, பைட்டில். மட்டக்களப்பு என்று எழுதவே 36 பைட் வேண்டும். 20 ஒதுக்கினால் ஊர் பாதியில் அறுந்துவிடும்.

சொற்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஏலம் என்று ஒரு சொல் எழுதி, வரியின் மிச்சத்தை அது பிரிக்கும்படி செய்தால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏலம் என்று போட்ட கணக்குக் கோப்பே நிரலாக ஓடும். என் சொந்தக் கோப்புக்கு இது அருமை. வெளியார் அனுப்பும் கோப்பை அப்படி ஓட்டக் கூடாது. அதில் எழுதியிருக்கும் எந்தச் சொல்லையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வெளியார் கோப்பென்றால் ரீட்-லைனால் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஜிஃபோர்த்துக்கே உரிய எக்ஸிகியூட்-பார்சிங்கிடம் கொடுக்கிறேன். அப்போது ஏலம் மட்டும் அந்த வரியைப் படிக்கும், வேறு எதுவும் ஓடாது.