அகமதாபாத் பழைய நகரம்: காலை மரபு நடைக்குப் போகலாமா?

கண்டிப்பாகப் போகலாம். அகமதாபாத் போகிறவர்களில் நிறைய பேர் சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு இரண்டையும் காரில் போய்ப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 1411இல் அகமது ஷா தொடங்கிய அந்தக் கோட்டை நகரம் முழுவதும்தான், இந்தியாவில் முதன்முதலாக உலகப் பாரம்பரிய நகரம் என்று பெயர் வாங்கியதும் அதுதான். நாங்கள் தங்கிய விடுதியில்கூட அரை நாள் கார் டூரைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்தச் சந்துகளில் கார் நுழையவே முடியாது.

1997இலிருந்து மாநகராட்சி வழிகாட்டியோடு நடத்தும் இந்த மரபு நடை காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடிகிறது. வழிகாட்டி எதற்கு, கூகுள் மேப் போதாதா என்றால், போதாது. இங்கே சந்துகளெல்லாம் போள்கள். போள் என்பது ஒரே சாதியினரோ ஒரே தொழில்காரர்களோ சேர்ந்து வாழ்ந்த, வாசற்கதவு வைத்த தெரு. முட்டுச்சந்து என்று நினைத்துத் திரும்பும் இடத்தில் யார் வீட்டுக்குள் போகும் வழியோ என்று தயங்கித்தான் நுழைகிறோம், பார்த்தால் அடுத்த போளில் நிற்கிறோம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது சபூத்ரோ. மரம் வைக்க இடமில்லாத தெருவில் பறவைகள் தானியம் தின்னவென்றே உயரமான கம்பத்தின் மேல் வேலைப்பாட்டோடு ஒரு மண்டபம், மேலே புறா, கீழே சிந்தியதைப் பொறுக்கும் அணில். லம்பேஷ்வர் போளில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் வீடு இருந்த இடத்தில் அவர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பழைய வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செதுக்கிய மரத்தூண்கள் பல வீடுகளில் கவனிப்பாரின்றி உளுத்துப்போய் நிற்பதுதான் மனதை அறுக்கிறது, இன்னும் பத்து வருடத்தில் எத்தனை மிஞ்சுமோ.

1424இல் கட்டி முடித்த ஜும்மா மசூதியில் அவசரப்படாமல் தூண்களுக்கு நடுவே கொஞ்சம் உட்காருங்கள். சீதி சையத் மசூதி இந்த நடையில் வராது, லால் தர்வாஜா பக்கம் தனியாகப் போக வேண்டும். கிளைகள் பின்னிய மரத்தைக் கல்லிலேயே செதுக்கிய அந்த ஜன்னலுக்காகப் போகலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். பைக்குகள் உரசிக்கொண்டு போகும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். குழு பெரிதாக இருந்தால் வழிகாட்டியை ஒட்டியே நடங்கள். அப்புறம் இரவில் மானேக் சௌக், நகைக்கடைகள் மூடியதும் சாப்பாட்டுக் கடைகள் போடுவார்கள், பாவ் பாஜியும் குல்ஃபியும் சாப்பிட வயிற்றில் இடம் வைத்துப் போங்கள்.