சாயக்கழிவு ஆய்வுக்கு கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா?

மதுரை சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்ட கழிவுநீரைச் சுத்திகரிப்பதுதான் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைகளை எங்கே தேடுவது?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் இலவசம். ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை எல்லாம் அகப்படும். ஆனால் எத்தனை ஆயிரம் முடிவுகள் என்று காட்டினாலும் முதல் 1000-ஐத்தான் புரட்ட முடியும். தரமில்லாத இதழ்களும் கலந்தே வரும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்துக்குக் கல்லூரி சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் விடாதீர்கள். தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களில் மட்டும் தேடச் சொல்லலாம். 'டை' (dye, சாயம்) என்ற சொல்லுக்கு மூன்று சொல்லுக்குள் 'ரிமூவல்' (removal, நீக்கம்) வர வேண்டும் என்றும் கேட்கலாம். துணிச்சாயம் சாராத கட்டுரைகள் பெருமளவு கழிந்துவிடும். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் லிட்டரேச்சர் ரிவ்யூவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். தேடிய வரியை நோட்டில் குறித்துவைத்தால், கைடு கேட்கும்போது அதையே மறுபடி ஓட்டிக் காட்டலாம்.

சந்தா இல்லையா? சரி, ஸ்காலரிலேயே தொடங்குங்கள். ஸ்கோபஸில் இருப்பது சுருக்கம்தான். முழுக் கட்டுரைக்கு ஸ்காலரின் வலப்பக்க பிடிஎஃப் இணைப்பையும் பார்க்கலாம்.