மருத்துவமனைக்கு அழைப்பதா, தபாலில் அனுப்புவதா?

மாரடைப்புத் தடுப்பை ஆராய்ந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகளைப் பார்ப்போம்: ஒன்று பங்கேற்பாளர்களை நேரில் அழைத்தது, மற்றொன்று தபாலில் நடந்தது. எம்ஆர்ஃபிட் (பல ஆபத்துக் காரணிகளை ஒருசேரக் குறைக்க முயன்ற சோதனை) 1973இல் தொடங்கியது. 22 மையங்கள், 12,866 ஆண்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என மூன்றுக்கும் நேரடி ஆலோசனை. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. இந்த ஆலோசனை தரப்படாத ஒப்பீட்டுக் குழுவினரும் தாமாகவே புகையைக் குறைத்துக்கொண்டதால் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு சுருங்கியது. 1982இல் வெளியான முடிவில் இறப்புக் குறைவு உறுதிப்படவில்லை.

மருத்துவர்கள் நல ஆய்வோ 22,071 ஆண் மருத்துவர்களுக்கு ஆஸ்பிரின் அல்லது போலி மாத்திரையைத் தபாலில் அனுப்பியது. விவரங்களையும் படிவங்களிலேயே பெற்றது. மையங்களும் பரிசோதனை வருகைகளும் இல்லாததால் ஒருவருக்கான செலவு வெகுவாகக் குறைந்தது; மிச்சப்பட்ட பணம் எண்ணிக்கையைப் பெருக்கியது. அந்தப் பெருக்கம்தான் முக்கியம்: முதல் மாரடைப்பு அரிது, சில ஆயிரம் பேரை வைத்து ஆஸ்பிரினின் பலனைக் காண்பது கடினம். ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது தெளிவானதும் ஆஸ்பிரின் பகுதி முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

உணவுப் பழக்கத்தை மாற்றும் ஆய்வைத் தபாலில் நடத்துவது எளிதல்ல. ஒற்றை மாத்திரை, நம்பகமாகப் பதிலளிப்பவர்கள் என்றால், நான் தயங்காமல் தபாலையே தேர்ந்தெடுப்பேன்.