பழைய சேர்வரில் சிசிஐஈ ஆயத்தம்: உப்புவெளியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

"அண்ணா, பழைய ரவுட்டர், சுவிட்ச் வாங்கி அடுக்கட்டுமா, கணினிக்குள்ளேயே எல்லாவற்றையும் ஓட்டலாமா?" வலையமைப்புக் கருவி நிறுவனமான சிஸ்கோவின் உயர்மட்டச் சான்றிதழ் சிசிஐஈ. அதன் செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். 2021 இறுதியில் கொழும்பில் ஒரு பாவித்த சேர்வரை வாங்கி, மெய்நிகர் ரவுட்டர்களை ஓட்டும் ஈவ்-என்ஜி மென்பொருளை அதில் நிறுவினேன். பரீட்சையில் தேறிய பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் பதில்: பெட்டிகளை வாங்காதீர்கள், நினைவகத்தை வாங்குங்கள்.

சிஸ்கோவின் சாதாரண மெய்நிகர் ரவுட்டரான ஐஓஎஸ்வி ஒன்றுக்கு அரை ஜிபி நினைவகம் போதும். அதைவிடப் பெரிய மெய்நிகர் ரவுட்டரான கட்டலிஸ்ட் 8000வி ஒன்றுக்கு 4 ஜிபி வேண்டும். கிளை அலுவலகங்களின் இணைப்புகளை மென்பொருளால் முகாமை செய்யும் எஸ்டி-வான் பகுதிக்கு வந்தால் அதன் முகாமைக் கட்டுப்பாட்டகம் மட்டும் 16 ஜிபிக்குக் குறையாமல் விழுங்கும். 2020 பெப்ரவரியில் பரீட்சை 'என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று மாறியதிலிருந்து இந்தப் பகுதியைத் தவிர்க்கவே முடியாது. என் சேர்வரில் இருப்பது 128 ஜிபி. ஈவ்-என்ஜியின் இலவசப் பதிப்பு ஒரு வரைபடத்தில் 63 கருவிகள் வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையை நான் நெருங்கியதே இல்லை. இந்த ரவுட்டர்களை இயக்கும் சிஸ்கோவின் மென்பொருள் கோப்புகள், அதாவது படிமங்கள், ஈவ்-என்ஜியோடு வராது. அவற்றை முறையான உரிமத்தோடு நாமே பெற வேண்டும்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை பெரிய வரைபடங்கள் அல்ல, ஐந்தாறு ரவுட்டர்கள் கொண்ட சிறியவை. ஓர் உதாரணம். ரவுட்டர்கள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் இரு நெறிமுறைகளான ஈஐஜிஆர்பிக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கும் நடுவே இரண்டு எல்லை ரவுட்டர்களை வைத்து, இரண்டிலும் வழிகளை இரு பக்கமும் பரிமாறச் செய்யுங்கள். ஈஐஜிஆர்பிக்கு வெளியிலிருந்து வந்த வழியின் நம்பக எண் (எண் குறைந்த வழியையே ரவுட்டர் அதிகம் நம்பும்) 170. ஓஎஸ்பிஎஃப்பின் எண் 110. முதலாவது எல்லை ரவுட்டர் அந்த வழியை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டதும், இரண்டாவது ரவுட்டர் அருகிலிருக்கும் நேர்வழியை விட்டுவிட்டு, எண் குறைந்த ஓஎஸ்பிஎஃப் வழியைப் பிடித்துக்கொள்ளும். தரவுப் பொதி ஊரைச் சுற்றிப் போகும். சில வேளை சுழலில் சிக்கும். எந்த ரவுட்டர் முதலில் எழும்புகிறதோ அதைப் பொறுத்து விளைவும் மாறும். இதை எந்தப் பக்கத்தில் வாசித்தாலும் புரிந்தது போலத்தான் இருக்கும். கருவிகளை வெவ்வேறு வரிசையில் ஏற்றி, வழி அட்டவணை மாறுவதைக் கண்ணால் பார்த்து, பரிமாறும் வழிகளுக்கு அடையாள எண் இட்டு, திரும்பி வருபவற்றை வடிகட்டிய பிறகுதான் அது கைக்கு வந்தது. மெய்நிகர்க் கருவியின் பெருமையே இதுதான்: நூறு முறை உடைக்கலாம், ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

குறைகளும் உண்டு. ஒரு முனையில் இடைமுகத்தை நிறுத்தினாலும், மறுமுனை இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அண்டை ரவுட்டர் போனதை அறிய ஓஎஸ்பிஎஃப் தன் 40 விநாடிக் கணக்கு முடியும் வரை காத்திருக்கும். உண்மையான கம்பியில் இப்படி நடக்காது. மாற்றுவழி எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று அளப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வன்பொருளோடு பிணைந்த சுவிட்ச் வேலைகளும், அலுவலக உள்வலையமைப்பை மென்பொருளால் முகாமை செய்யும் எஸ்டி-அக்சஸ் முழுமையும் வீட்டுச் சேர்வரில் நடக்காது. அதற்கு சிஸ்கோவின் டெவ்நெட் தளத்தில் உள்ள இலவசப் பயிற்சிக்கூடங்களைப் பயன்படுத்தினேன்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லைகள் தனி. திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில் கடற்காற்று எதையும் விடாது. நினைவக அட்டைகளின் பொன்முனைகளை அவ்வப்போது கழற்றித் துடைக்காவிட்டால் சேர்வர் ஒரு பகுதி நினைவகத்தைக் காணவில்லை என்று சொல்லும். கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறை கொதிக்கும். அப்போது இரவில் மட்டுமே ஓட்டினேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் யூபிஎஸ் எனக்குத் தந்தது அமைப்புகளைச் சேமித்து ஒழுங்காக அணைக்கும் அவகாசம் மட்டுமே. ஆனாலும் சேர்வர் வாங்குபவர்கள் யூபிஎஸ் வாங்கத் தயங்கவே கூடாது.

மின்சாரம் இல்லாத அந்த மணித்தியாலங்கள் பரீட்சையின் முதற்பகுதிக்குப் பயன்பட்டன. எட்டு மணித்தியாலப் பரீட்சையில் முதல் மூன்று மணித்தியாலம் வடிவமைப்பு. கருவி எதையும் தொட முடியாது. விடையளித்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது. ஒரு நிறுவனத்தின் தேவை, பணக்கட்டுப்பாடு, மின்னஞ்சல் உரையாடல் ஆகியவற்றை வாசித்து, ஏன் இந்த வழி, ஏன் அது அல்ல என்று தீர்மானிக்க வேண்டும். இதற்குச் சேர்வர் உதவாது. தாளும் பென்சிலும், சிஸ்கோவின் வடிவமைப்பு வழிகாட்டிகளும்தான் உதவின. கட்டளைகளில் கெட்டிக்காரர்கள் பலர் இந்தப் பகுதியைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. இரண்டு பகுதிகளிலும் தனித்தனியே குறைந்தபட்சப் புள்ளி எடுத்தாக வேண்டும்.

பரீட்சைக்குள் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன். திருடிய வினாத்தாள் விற்பவர்களிடம் போகவும் வேண்டாம். கட்டணம் 1600 டொலர், இன்றைக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபாய். அதற்கு மேல் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்வரும் செலவு. இவ்வளவும் கட்டி, மனப்பாடம் செய்த விடையோடு வேலைக்குப் போனால், முதல் வலையமைப்பு விழும் நாளில் நிற்க இடமிருக்காது.

சிசிஐஈக்குக் கீழ்நிலைச் சான்றிதழ்களான சிசிஎன்ஏ, சிசிஎன்பி படிப்பவர்களுக்குச் சேர்வரே தேவையில்லை. 16 ஜிபி மடிக்கணினியில் நினைவகம் குறைவாகத் தேவைப்படும் ஐஓஎல் படிமங்கள் தாராளமாக ஓடும். எஸ்டி-வான் தொடங்கும் மாதம் வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள். வாங்கும்போது கடல் பார்க்கும் அறையைத் தவிர்த்து வீட்டின் உட்புறத்தில் வையுங்கள். இரைச்சல் அதிகம், வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.