கல்நார் நோய்க்கு ‘அமெரிக்க நிதி’ வாங்கித் தருகிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள்

செட்டிநாட்டில் பழைய வீடு பிரிக்கும் வேலை பார்த்தவர்களும், பழைய அரிசி ஆலைகளில் கொதிகலன் கழற்றியவர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படித்துவிடுங்கள். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அமெரிக்காவிலிருந்து லட்சக்கணக்கில் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் சுற்றுகிறார். என் மாமாவிடம் பணம் பறித்ததோடு நிற்கவில்லை. சட்டப்படி அவருக்கு வர வேண்டிய இழப்பீட்டுக்கே உலை வைத்துவிட்டார்.

மாமா இளவயதிலிருந்தே வீடு பிரித்தவர். வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, பூட்டிக் கிடந்து பாழான வீடுகள் இங்கே எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் பதமாகக் கழற்றி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு ஏற்றிவிடுவார்கள். தேக்கில் கீறல் விழக்கூடாது என்று சாக்குச் சுற்றிக் கட்டுவார்கள். கழற்றுகிற ஆளுக்கு ஒரு முகமூடி வாங்கித் தந்தவர் யாருமில்லை. மழை ஒழுகுகிறது என்று பிற்காலத்தில் பின்கட்டில் வேய்ந்த, கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட்டுகளுக்கு விலை கிடையாது. அவற்றைச் சம்மட்டியால் அடித்துத் தள்ளுவதே வழக்கம். நடுவில் ஓர் அரிசி ஆலையைப் பிரிக்கும் வேலையும் வந்தது. நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் பூசியிருந்ததைக் கடப்பாரையால் கொத்தி எடுத்தார்கள். அதில் இருந்ததும் கல்நார்தான். தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்றாராம் ஒப்பந்ததாரர். கண்ணுக்கே தெரியாத கல்நார் இழைகளுக்குத் துண்டின் நெசவு ராஜபாட்டை.

கல்நார் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் மட்டுமே வரும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், மருத்துவர்கள் சிலர் உட்பட. இழை உள்ளே போய் இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் மூச்சு வாங்கத் தொடங்கும். அதற்குள் அந்த வீடு இருந்த இடத்தில் திருமண மண்டபமே வந்திருக்கும். மாமாவுக்கு முதலில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்தும் மூச்சிரைப்பு நிற்காமல் மதுரைக்கு அழைத்துப்போன பிறகுதான், ஒரு மருத்துவர் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “பெரியவரே, என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கல்நாரால் நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார். தினமும் மாமாவின் வேலைத் துணியை உதறித் துவைத்த அத்தையையும் பரிசோதிக்கச் சொன்னார். துணியோடு வீட்டுக்கு வரும் தூசியாலும் இந்நோய் வரும்.

செய்தி எப்படிப் பரவியதோ, கொஞ்ச நாளில் அந்த ஆள் வந்துவிட்டார். தோல்பை, ஆங்கிலப் படிவங்கள், வாய் நிறைய “அண்ணே”. அமெரிக்காவில் கல்நார் நோயாளிகளுக்கென்று கோடிக்கணக்கில் நிதி இருக்கிறது என்றார். அது பொய்யல்ல, அதனால்தான் எடுபடுகிறது. ஜான்ஸ் மான்வில் என்ற பெரிய கல்நார் நிறுவனம் வழக்குகளைத் தாங்காமல் 1982இல் திவால் மனுப் போட்டது; பிறகு நோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதைப் போல வேறு பலவும் உண்டு. ஆனால் அவை அந்தந்த நிறுவனத்தின் பொருளால் பாதிக்கப்பட்டதாக நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே. பள்ளத்தூரில் உடைத்த ஷீட்டுக்கு அமெரிக்காக்காரன் ஏன் பணம் தரப்போகிறான்?

பதிவுக் கட்டணம் என்றார், மொழிபெயர்ப்புக் கட்டணம் என்றார், டாலரை ரூபாயாக்க வரி என்றார். அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது. ஸ்கேன் படத்தின் அசலையும் வாங்கிக்கொண்டார். வெற்று முத்திரைத்தாளில் அடியில் கையெழுத்து. எல்லாவற்றையும்விட மோசம், “தொழிலாளர் துறைப் பக்கம் போனால் அமெரிக்க வழக்கு கெட்டுவிடும்” என்று மிரட்டி ஓராண்டுக்கும் மேல் இழுத்தடித்தார். ஏன் என்பது பின்னால்தான் புரிந்தது.

நாங்கள் கடைசியில் ஒப்பந்ததாரர் மீது இழப்பீட்டு மனுப் போட்டபோது, மாமா கையெழுத்திட்ட அதே முத்திரைத்தாள் எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வாசகத்தோடு. உற்றுப் பார்த்தால் மேலே வரிகள் தாராளமாக இருக்கின்றன; கீழே வரவர எழுத்து நெருங்கி, கடைசி வரி மாமாவின் பெயர்மேல் ஏறி நிற்கிறது. கையெழுத்தை முதலில் வாங்கி, வாசகத்தைப் பிறகு அடித்த தாள் வேறு எப்படி இருக்கும்? இதற்கு அந்த ஆள் எவ்வளவு வாங்கினார் என்பதைக் காவல் துறைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாமாவின் மனு 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி போடப்பட்டது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சென்றுவிட்டது. புதிதாகப் போடுகிறவர்கள் அதன்படி கேளுங்கள். பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தொழிலாளி எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. அந்தத் தாளைக் கண்டு கைகால் உதறிய எங்களுக்கு இதைச் சொன்னவர் சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமித்த இலவச வழக்கறிஞர். ஆஸ்பெஸ்டோசிஸ் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்சார் நோயாக இருக்கிறது. மாமாவைப் போலப் பல ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்த்திருந்தால், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று மனுவை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரே பங்கிடலாம். “எந்த வீட்டில் எந்தத் தூசி என்று எப்படிக் காட்டுவீர்கள்?” என்று அந்த ஆள் பயமுறுத்தியது வெறும் பூச்சாண்டி.

ஆனால் காலக்கெடு உண்மையான பயம். இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். எங்கள் மனு இப்போது அந்த மன்னிப்பைத்தான் நம்பி நிற்கிறது. ஏமாற்றப்பட்டதையே காரணமாகக் காட்டியிருக்கிறோம்.

வருகிற பணத்தில் பங்கு என்று பேசுபவர் வழக்கறிஞரே அல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசவோ பங்கு கேட்கவோ இந்திய வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நேரிலும் போகலாம். ஸ்கேன் படத்தின் அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், நகல் போதும். கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்த ஊரில், யாருடைய வீட்டை, யார் கூலி கொடுத்துப் பிரித்தீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒப்பந்ததாரர்கள் கூலிப் பதிவேடு வைத்திருப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த வாரமே உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ஏற்பு ரசீதை வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் எதிர்த்தரப்பில் தலைகாட்டுவதற்கு முன்னால் தேதியிட்ட புகார் ஒன்று உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.