கிரிஸ்டாவைக் கொடுத்துவிட்டு ஹைகிராஸ் எடுக்கலாமா? குமரிச் சாலைகளுக்கு ஒரு கணக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டொயோட்டா இன்னோவா நிற்கிற வீடுகளில் இப்போது அடிக்கடி வருகிற பேச்சு, டீசல் இன்னோவா கிரிஸ்டாவை மாற்றி, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் எடுக்கலாமா என்பதுதான். கேட்கிற பலரின் மனதில் 23.24 என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லிட்டருக்கு அத்தனை கிலோமீட்டர் என்பது வண்டிகளைச் சோதிக்கிற அராய் அமைப்பின் சோதனையில் வந்த கணக்கு. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம் வரும். வண்டி அருமையான வண்டி, ஆனால் அதன் அருமை மைலேஜில் இல்லை.

2005-ல் வந்த முதல் இன்னோவாவும் 2016-ல் வந்த கிரிஸ்டாவும் தனிச் சேஸியின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். இழுவை பின் சக்கரத்தில். 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸில் பெயர் மட்டும்தான் பழையது. தனிச் சேஸி இல்லை, இழுவை முன் சக்கரத்தில், டீசல் எஞ்சின் கிடையவே கிடையாது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 186 பிஎஸ் குதிரைத்திறன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான வீல்பேஸ் 2750 மில்லிமீட்டரிலிருந்து 2850 ஆகியிருக்கிறது. பின் சக்கரத்தைச் சுற்ற அடியில் போகிற ஷாஃப்ட் இல்லாததால் தரை தாழ்ந்தும் சமமாகவும் இருக்கிறது. முட்டுவலி உள்ள பெரியவர்களை திருவனந்தபுரத்துக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற குடும்பங்களுக்கு இந்த ஒன்றே பெரிய வித்தியாசம். கிரிஸ்டாவில் கைப்பிடியைப் பிடித்துத் தொற்றி ஏறுகிறவர்கள் இதில் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும்.

இனி பணம். மாதம் 1500 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டு வண்டி என்று வையுங்கள். லிட்டருக்கு ஹைபிரிட் 16, டீசல் 12 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 2,200 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 26,000. இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 4 லட்சம் என்றால் அந்தப் பணம் திரும்பி வர 15 வருடம் ஆகும். மாதம் 4000 கிலோமீட்டர் ஓடுகிற மஞ்சள் போர்டு வண்டிக்கு மிச்சம் வருடம் 70,000. ஆறு வருடத்துக்குள் ஈடாகிவிடும். ஆனால் ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. மாதம் 4000 ஓடினால் 40 மாதத்தில் வாரண்டி தீர்ந்துவிடும், போட்ட பணம் அப்போதும் முழுதாகத் திரும்பியிருக்காது. டாக்ஸிக்காரர்கள் இதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டும். இன்னொன்று: தமிழ்நாட்டில் வண்டி விலை 20 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 18-லிருந்து 20 சதவீதமாகிறது. ஹைபிரிட் எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலேதான். அதனால் ஷோரூம் விலையை விட்டுவிட்டு, ரோட்டுக்கு வருகிற விலையை வைத்தே ஒப்பிடுங்கள்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் புரியும். பஸ் நிற்கும், ஆட்டோ குறுக்கே வரும், பத்தடி நகரும், மறுபடி நிற்கும். கிரிஸ்டா இப்போது டீசலில் மேனுவல் கியராக மட்டுமே வருகிறது. அந்த நெரிசலில் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. ஹைகிராஸ் அந்த இடத்தில் பெரும்பாலும் மோட்டாரில் மட்டும் ஊர்ந்து போகும், எஞ்சின் அணைந்தே கிடக்கும். ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் ரயில்வே கேட்டில் எஞ்சின் இல்லாமல் நின்றாலும் குளிர் குறையாது. இந்த வண்டிக்கு மைலேஜ் கூடுவதும் இப்படிப்பட்ட சாலையில்தான். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் 100-ல் பிடித்தால் ஹைபிரிட்டுக்கு வேலை குறைவு, டீசலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும்.

டீசலுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த கிரிஸ்டாவின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்து தீர வண்டி சூடேறி, நல்ல வேகத்தில், தொடர்ந்து ஓட வேண்டும். வடசேரியிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, திரும்ப வீடு என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டமாகவே இருந்தால் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். டீசலையே வைத்துக்கொள்கிறவர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது திருநெல்வேலி ரோட்டில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வரவேண்டும். வேறு வழியில்லை.

சாமான் விஷயம் இந்த மாவட்டத்தில் சின்ன விஷயமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆளை விமானநிலையத்தில் ஏற்றப் போகிற வண்டியில் போகும்போதே ஐந்து பேர் இருப்பார்கள். கிரிஸ்டாவில் மூன்றாவது வரிசை இருக்கையை மடக்கினால் அது பக்கவாட்டில் தூக்கி நிற்கும். பின் கண்ணாடியை மறைக்கும், அகலத்தையும் தின்னும். ஹைகிராஸில் அது தரையோடு படுத்துவிடும், பாதி பாதியாகவும் மடக்கலாம். ஒரு பாதியில் ஆளை உட்காரவைத்து, மறுபாதியில் பெட்டியை நிமிர்த்தி அடுக்கலாம். கார்ட்டன் அட்டைப்பெட்டியை அடியில் வைக்கவேண்டாம், டிராலி கீழே, அட்டைப்பெட்டி மேலே. ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்து பெரிய பெட்டிகளும் வேண்டுமென்றால் எந்த இன்னோவாவிலும் நடக்காது. மேலே கேரியர் போட நினைப்பவர்கள் ஹைகிராஸில் கண்ணாடிக் கூரை உள்ள இசட்எக்ஸ் ரகத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

அந்த இசட்எக்ஸில் 18 அங்குல வீல், 225/50 டயர். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ரப்பர் தோட்டத்துச் சாலையில் குழியின் விளிம்பு நேராக அடித்தால் டயரின் பக்கச் சுவர் மெலிவாக இருப்பதால் வெட்டு விழும். வெட்டு விழுந்த டயரை ஒட்டுப்போட முடியாது, புதிது வாங்கவேண்டியதுதான். அதற்குக் கீழே உள்ள விஎக்ஸ் ரகத்தில் 17 அங்குலம், 215/60. நம் சாலைக்கு அது போதும், அதுதான் நல்லதும்கூட. எட்டுப் பேர் உட்காருகிற நீள சீட்டும் அதில் கிடைக்கும்.

மலை ஏற்றத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். ஆள் நிறைத்து ஏறும்போது ஆக்ஸிலரேட்டரைச் சவுட்டினால் எஞ்சின் சத்தம் முன்னே ஓடும், வேகம் பின்னால்தான் வரும். கிரிஸ்டாவின் 343 நியூட்டன் மீட்டர் இழுவையில் பழகியவர்களுக்கு இது மனதுக்கு ஒட்டாது. அழுத்தி மிதிக்காமல் சீராக வைத்தால் சத்தம் பாதியாகும். இறக்கத்தில் காலை எடுத்ததும் மோட்டார் மின்சாரம் பிடித்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும், பிரேக் பேட் நீண்ட நாள் வரும். பேட்டரி சின்னது என்பதால் நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சின் திடீரென்று உறுமிக்கொண்டு வேகத்தைப் பிடிக்கும். அது கோளாறு இல்லை. மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில், பின்னால் பாரம் ஏற்றியிருந்தால், முன் சக்கரம் இலேசாகிச் சுழலும். பின் சக்கர இழுவைக்கு அதே பாரம் பிடிமானம் கொடுக்கும். தினமும் அப்படிப்பட்ட ஏற்றத்தில் போய்வருகிற எஸ்டேட்காரர்கள் டீசலை விடவேண்டாம்.

ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் தாண்டும்போது லாரியை ஓவர்டேக் செய்து வெளியே வருகிற நொடியில் பக்கக் காற்று அடிக்கும். உயரமான வண்டி எதுவானாலும் ஒதுக்கும். வேகத்தை 70-க்குக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி போல கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். கிரிஸ்டாவில் துரு முதலில் சேஸியைப் பிடிக்கும், பார்த்துச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். ஹைகிராஸில் பாடியே பாரம் தாங்குவதால் துருவை முற்றவிடக் கூடாது. துருத்தடுப்புப் பூச்சு அடிக்கிறவர் கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். ஆரஞ்சு நிற வயர் எல்லாம் உயர் மின்னழுத்தம் போகிறவை. பிரஷர் வாஷை அதன் இணைப்புகளில் நேராக அடிக்கவேண்டாம், வெளி எலக்ட்ரீஷியனைத் தொடவிடவும் வேண்டாம். தோட்டத்து வீடுகளில் எலி வயரைக் கடிக்கும், வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கிற காற்று வண்டிக்குள்ளிருந்துதான் போகிறது. அந்தத் துவாரம் எங்கே என்று டெலிவரி எடுக்கிற அன்றே காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் பையோ துண்டோ கிடந்தால் பேட்டரி சூடாகும்.

கடைசியாக, வீட்டுக்காரர் வெளிநாட்டில், வண்டி போர்ட்டிகோவில் என்கிற வீடுகள். ஹைகிராஸை உயிர்ப்பிப்பது பெரிய பேட்டரி இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழும்பாது. வாரம் ஒருமுறை பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி, 'ரெடி' என்று எழுத்து வந்தபின் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். பாட்டு மட்டும் போட்டு உட்கார்ந்திருந்தால் சார்ஜ் ஏறாது, இறங்கும். அத்துடன் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வண்டியை வெளியே எடுத்து 16 கிலோமீட்டர் ஓட்டவேண்டும், பெரிய பேட்டரி உயிரோடு இருப்பதற்கு. இதைச் செய்ய வீட்டில் ஆளில்லை என்றால் பழைய டீசலே அங்கு நிற்கட்டும்.