94-ல் நின்றுபோன வேகம்: கேபிளை மாற்றுவதா, ரவுட்டரை மாற்றுவதா?

எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் பிளான். மேசைக் கணினிக்கு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்திருக்கிறோம். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் காலையானாலும் நடுராத்திரியானாலும் 94தான். அதே அறையில் கைப்பேசி வைஃபையில் 250-ஐத் தாண்டியது. கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ரவுட்டரை மாத்துங்க."

நான் முதலில் பார்க்கச் சொல்வது கேபிளை. காரணம் அந்த 94-லேயே இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் (தரவுத் துண்டோடும்) போகும் முகவரித் தகவல்களுக்கான இடம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 94, 95. ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் இணைப்பில் அதுவே 940 அளவில் வரும். வேகம் நாள் முழுக்க 94-ஐ விட்டு அசையவில்லை என்றால், எங்கோ ஒரு இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் வைஃபைக்கு 250 வந்ததால் ரவுட்டர் வரைக்கும் பாதை சரி. மிச்சம் கேபிளும் அதன் இரு முனைகளும்தான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி தொடாமல் போனாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், வீடியோ ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100/100 என்று இருந்தால், வேறொரு சிறிய கேபிளை நேரே ரவுட்டரில் செருகிப் பாருங்கள். 1000 ஆகிவிட்டால் பழைய கேபிள்தான் குற்றவாளி. புதிதாக வாங்கும்போது கேட்5இ என்ற கேபிள் ரகமே போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கேட்6 நல்லதுதான், ஆனால் தடிமன் கூடியதால் சுவர் மூலையில் வளைக்கச் சிரமம். அதைவிட முக்கியம், முழுச் செம்பா என்று கேட்பது. சிசிஏ என்று விற்பது செம்பு பூசிய அலுமினியம். வளைக்க வளைக்க உள்ளே முறியும்.

ரவுட்டரை மாற்றியே ஆகவேண்டிய இடமும் உண்டு. பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. பின்புறப் போர்ட்டுகள் 10/100 மட்டுமே, அதாவது 100 எம்பிபிஎஸ் வரை மட்டுமே உள்ள ரவுட்டர்களும் இந்தப் பெயரில் விற்கின்றன. அப்படிப்பட்டதில் எவ்வளவு உசத்தியான கேபிளைச் செருகினாலும் 94-ஐத் தாண்டாது. 10/100/1000 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கணினிப் பக்கமும் இதே கதைதான். லேப்டாப்பில் மலிவான யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் போட்டிருந்தால் அதுவும் 100-ல் நிற்கக்கூடும்.

மூன்றாவது வழி ரவுட்டர் செட்டிங்ஸ். இதன் அடையாளமே வேறு: வேகம் ஓரிடத்தில் நிற்காமல் 150, 220 என்று அலையும். க்யூஓஎஸ் (எந்தப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை என்று பிரிப்பது), டிராஃபிக் கணக்கு, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்றவற்றை இயக்கினால் பல ரவுட்டர்களில் வன்பொருள் முடுக்கம், அதாவது பாக்கெட்டுகளைச் சிபியுவைத் தொடாமல் கடத்தும் வசதி, அணைந்துவிடும். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியுவே கையாள வேண்டும். அவற்றை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், காசு செலவில்லை. ஆனால் ஃபேக்டரி ரீசெட்டை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இணைய நிறுவனத்தோடு இணைய ரவுட்டரில் பதிந்திருக்கும் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோனால், இருந்த 94-ம் போய்விடும். எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தொடுங்கள்.

எங்கள் வீட்டில் கோளாறு இருந்தது சுவர்ப் பெட்டிக்குள். பழுப்புக் கம்பி அதன் பள்ளத்தில் சரியாக அழுந்தவில்லை. எடுத்து மறுபடி அழுத்தியதும் லிங்க் ஸ்பீடு 1000 ஆனது, சோதனையில் 290-ஐத் தாண்டியது. அந்தப் பழைய ரவுட்டர் இன்னும் அதே அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.